கத்தரிக்கோல்

பளார் என்று விழுந்தது அறை. அகதி முகாமின் பெண்கள் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய்! கை நீட்டுற வேலையெல்லாம் இங்க வச்சுக்காத!" வார்டன் ஓடிவந்து சிறுமியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பதினோரு வயசுப் பிள்ளை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. ஏதோ சந்தோஷமாய்ச் சொல்ல ஓடிவந்து வாயைத் திறந்ததுதான் அது செய்த குற்றம்.

"பின்ன? வந்து மேல விழுதே! எம் பக்கம் வராதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அடித்தவள்.

கூடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். வாயைத் திறந்தால் வெட்டுதான். குளியலறை வரிசையில் ஒரு சண்டை, போர்வைக்கு ஒரு சண்டை. அந்தச் சிறுமியைக் கண்டுவிட்டாலோ எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகிவிடும்.

சிறுமியை எல்லோரும் சிட்டு என்றார்கள். துணைக்கு ஆளில்லாமல் வந்து சேர்ந்தவள். "அம்மா எங்கடி கண்ணு?" என்று யார் கேட்டாலும் தரையைப் பார்த்தபடி, "கடல்ல போயிட்டாங்க" என்பாள்.

முதல்முறை அதைக் கேட்டபோது வார்டன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "செத்தவ செத்துட்டா. சும்மா மூக்கை உறிஞ்சாம போ அங்கிட்டு" என்றாள்.

"நாக்குல நரம்பே இல்லையா உனக்கு?" என்று வார்டன் அன்றைக்கே சத்தம் போட்டாள். அவள் எங்கே கேட்டாள்!

இப்போதும் அவள் விடுவதாக இல்லை. "முதல்ல இதை வேற பக்கம் மாத்து. ராத்திரியானா கொர்ரு கொர்ருன்னு மூச்சு இழுக்குது. வாயில வச்சு உறிஞ்சுற மருந்து இருக்குமே, அதை வாங்கித் தலைமாட்டுல வச்சுத் தொலை. பனி இறங்குனா இன்னும் மோசம். என் தூக்கம் போகுது!"

"ஆமா, மகாராணி தூக்கம்தான் இப்ப முக்கியம்!"

வார்டன் சிட்டுவைக் கையோடு கூட்டிப்போய் நர்ஸிடம் விட்டாள். அப்படியே வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பொம்பளைய எப்ப அனுப்புவீங்க?"

"அந்தம்மா கைரேகை கடல் தாண்டி மொதல்ல எறங்குன எல்லைநாட்டுலயே பதிவாயிருக்கு மேடம். கூட்டு நாடுகளோட ஒப்பந்தம் தெரியும்ல? முதல்ல எங்க ரேகை வச்சாங்களோ அங்கதான் திரும்பிப் போகணும். நாள் குறிக்கிறதுதான் பாக்கி."

"சீக்கிரம் குறிங்க சார், புண்ணியமாப் போகும். நம்ம சிட்டு?"

"சின்னப் பிள்ளை, ரேகை எடுக்கல. அதோட தனியா வந்த குழந்தைய நாம திருப்பி அனுப்புறதில்ல. வளர்க்க ஒரு குடும்பமும் கெடைச்சிருக்கு. எல்லைநாட்டுக்குப் போனா என்ன கதின்னு உங்களுக்கே தெரியும். முள்வேலி, கூடாரம், கடைசியில தப்பி வந்த ஊருக்கே விமானம்."

அந்த விமானம் என்றால் என்னவென்று வார்டனுக்கும் தெரியும். ஆனாலும் கத்தரிக்கோலுக்காக அவள் மனசு கொஞ்சமும் இளகவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

வளர்க்கப்போகிற குடும்பம் வந்த அன்றைக்கே எல்லைநாட்டுக்குத் திருப்பி அனுப்புகிற பஸ்ஸும் வந்தது. "எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாடா தங்கம்" என்றாள் வார்டன். சிட்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னாள். கடைசிக் கட்டிலருகே கால் நின்றுவிட்டது. உதடு கோணிக்கொண்டு வந்தது.

கத்தரிக்கோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்ன பராக்கு? திரும்பிப் பாக்காம போய்த் தொலை!"

பிள்ளை திரும்பிப் பார்க்காமலேதான் போனது. கார் கண்ணை விட்டு மறைந்தபிறகு, கத்தரிக்கோலை பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார்கள். வாசல்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்த வார்டனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அந்தப் பச்சப்புள்ள போறப்ப ஒரு நல்ல வார்த்தை வந்துச்சா உன் வாயில? நீயெல்லாம் ஒரு பொம்பள! வயித்துல ஒண்ணச் சுமந்து பெத்திருந்தாத்தானே உனக்கு வலி தெரியும்!"

கத்தரிக்கோல் பஸ் படியில் நின்றாள். காவலர் முன்பக்கம் டிரைவரோடு பேசிக்கொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, வார்டன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி சொன்னாள்:

"பெத்தவ பக்கத்துலயே இருக்கான்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளையையும் இதே பஸ்ல ஏத்தியிருப்பீங்களே அக்கா."