மூன்றாவது அனுமானம்

கல்லூரியில் படிக்கும் மூன்று எலிகள் கணித மாதிரி உருவாக்கும் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தன. கேள்வி இதுதான்: அரிசிக் கிடங்கில் இப்போது முப்பத்தெட்டு எலிகள் இருக்கின்றன, அடுத்த பொங்கலுக்கு எத்தனை இருக்கும்? அவகாசம் நான்கு நாள். நடுவர் சாரைப்பாம்பு.

"பாம்பைச் சேர்த்தா சமன்பாடு சிக்கலாகுது. எளிமைக்காகப் பாம்பு இல்லைன்னு வச்சுக்குவோம்" என்றது குழுத் தலைவர் எலி.

"அப்போ என் வால் எங்கேடா போச்சு?" என்றது வாலறுந்த எலி.

"ஆரம்பிச்சுட்டான்யா வால் புராணத்தை! ஒரே ஒரு வாலை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாதுடா. தரவு பத்தாது" என்று அறிக்கை எழுதிய எலி சிரித்தது.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பாம்பு இல்லை என்பது மூன்றாவது அனுமானமாக அறிக்கையில் ஏறியது. விடை நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது.

பாம்பு அறிக்கையை இரண்டு முறை படித்தது. "இவ்வளவு தெளிவான அறிக்கையை நான் பார்த்ததில்லை. குறிப்பாக மூன்றாவது அனுமானம். முதல் பரிசு உங்களுக்குத்தான். புற்றுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியது.

"பரிசைத் தபால்ல அனுப்பச் சொல்லுங்கடா. அது பாம்பு" என்றது வாலறுந்த எலி.

"இன்னைக்கு அவர் நடுவர். மரியாதையாப் பேசு" என்றது தலைவர்.

தலைவரும் அறிக்கை எழுதிய எலியும் மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பின.

வாலறுந்த எலி சாயங்காலம் வரை காத்திருந்தது. பிறகு அறிக்கையைத் திறந்து, முதல் பக்கத்தில் இருந்த முப்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதியது. மற்றபடி சமன்பாட்டில் பிழை எதுவும் இல்லை.