வாசல் அடைத்த கோலம்

"அடுத்தவங்க வீட்டு வாசல்ல உனக்கு என்ன வேலைன்னு கேக்குறேன்" என்றான் பாலு, போர்வைக்குள்ளிருந்தபடியே.

இளவேனில் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினாள். விடிய இன்னும் நேரமிருந்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் தைப் பனி இறங்கி, தெருவிளக்கெல்லாம் மங்கிக் கிடந்தது.

புருஷன் கேட்பதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி ஃபிளாட்டில். வாசல் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன டைல்ஸ் சதுரம். அதில் ஒரு ஸ்டிக்கர் கோலம். அது போதாதா என்பான் பாலு. அவளுக்குப் போதவில்லை.

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் பில் போடுகிறாள். வருகிறவர்கள் டோக்கனைப் பார்ப்பார்கள், டாக்டர் அறைக் கதவைப் பார்ப்பார்கள், அவளை மட்டும் பார்க்க மாட்டார்கள். அவள் லீவு போட்டால் அதே நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து அதே பில்லைப் போடுவாள். இதற்காகவா மாங்கு மாங்கென்று எம்.காம். படித்தோம் என்று காவிரிப் பாலத்தில் பஸ் ஊரும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும்.

அப்படி வெறுத்துப்போயிருந்த சமயத்தில்தான் பொன்னுத்தாய் கிடைத்தார். பக்கத்துத் தனி வீடு. ரிட்டையர்டு நர்ஸ், ஒண்டிக்கட்டை. முழங்கால் மடங்காததால் கோலம் போட முடியவில்லை. அதை வெளியில் சொல்லவும் முடியவில்லை. தெரிந்தால் பெங்களூரிலிருக்கும் மகள் யாழினி வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"நான்தான் போடுறேன்னு தெருவுல எல்லாரும் நினைச்சுக்கட்டும் கண்ணு. நீ விடியறதுக்குள்ள வந்து போட்டுட்டுப் போயிடு. பேச்சு வேணாம், எதிர்வீட்டு லூர்துராணி டீச்சருக்குப் பாம்புக்காது. நல்லாயிருந்தா நான் உள்ளேருந்து தட்டுறேன்."

இளவேனில் அந்த இடத்திலேயே சரி என்றாள்.

மறுநாளிலிருந்து, கோலம் முடிந்ததும் ஜன்னல் கம்பியில் டொக்கென்று ஒரு தட்டு விழும். ரொம்பப் பிடித்துவிட்டால் இரண்டு. உட்கார்ந்து பேசுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆனால் அந்த ஒரு தட்டுக்காகவே அவள் அலாரம் இல்லாமல் எழுந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே அடுத்த நாள் கோலத்தின் புள்ளிகளை விரலால் காற்றில் வைத்துப் பார்த்தாள். உலகத்தில் தனக்காக ஓர் ஆள் விழித்திருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வாரம் பனி கடுமை. திங்கட்கிழமை போனபோது ஜன்னல் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே டி.வி.யில் பக்திப் பாட்டு. அவள் பாதிக் கோலம்தான் போட்டிருப்பாள், தட்டல் தொடங்கிவிட்டது. ஒன்று, இரண்டு என்றில்லை. விட்டு விட்டு, நிறைய. அதுவும் ஜன்னலிலிருந்து வரவில்லை. எங்கோ கீழே, தரையிலிருந்து வந்தது.

இளவேனில் ஒரு நிமிஷம் மாவை விடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. பொன்னுத்தாய்தான் ஜன்னல் இடுக்கு வழியே பார்த்துவிட்டு, குளிருக்குப் பயந்து, கட்டிலில் உட்கார்ந்தபடி கைத்தடியால் தரையில் தட்டுகிறார். இந்த வயதில் குறும்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பேசக்கூடாது என்பதால் அவளும் வாசற்படியில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே சத்தம் வேகவேகமாகக் கேட்டது. வாழ்க்கையில் யாரும் அவளை இவ்வளவு பாராட்டியதில்லை. அன்று முழுக்க ஆபீசில் சிரித்த முகமாகவே இருந்தாள்.

அடுத்த நாள் இன்னும் பெரிய கோலம். தட்டல் வந்தது, கொஞ்சம் மெதுவாக. அதற்கடுத்த நாள் வாசலை அடைத்து, ரோடு வரைக்கும் இழுத்தாள். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு தட்டு, அதுவும் டி.வி. பாட்டுக்கு நடுவில் கேட்டும் கேட்காமலும்.

வியாழக்கிழமை ஒன்றுமே கேட்கவில்லை. குளிரில் நின்று நின்று கால் மரத்துப்போனதுதான் மிச்சம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிடிக்கலன்னா விட்டுத் தொலையேன்" என்றான் பாலு.

விடுவாளா? வெள்ளிக்கிழமை கலர்ப்பொடியெல்லாம் எடுத்துக்கொண்டு போய், இதுவரை போடாத அளவுக்குப் போட்டாள். ஒருக்களித்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தன் கட்டடத்தின் கீழ் வீட்டில் விளக்கு எரியவே, சட்டென்று மாடியேறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ் இறங்கி வந்தபோது பொன்னுத்தாய் வீட்டு முன்னால் கூட்டம். ஆம்புலன்ஸ் நின்றது. கதவை உடைத்திருந்தார்கள். உள்ளே யாழினியின் அழுகை கேட்டது. கலர்க் கோலத்தை மிதித்துக்கொண்டு ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

லூர்துராணி டீச்சர் இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமை ராத்திரி விழுந்துருக்காங்கம்மா. இடுப்பெலும்பு போயி, எழுந்திரிக்க முடியாம தரையிலயே கெடந்திருக்காங்க. நேத்து விடியறதுக்கு முன்னாடிதான் உயிர் போயிருக்கும்ங்கிறாங்க."

இளவேனில் குனிந்து, மிதிபட்டுக் கிடந்த கலர்ப்பொடியைப் பார்த்தாள்.

"பொண்ணு தினம் எனக்குப் போன் பண்ணுச்சு. அம்மா போனை எடுக்கல, கதவை உடைச்சாவது பாருங்க டீச்சர்னு கெஞ்சுச்சு" என்று டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் ஒவ்வொரு நாளும் மாடியிலேருந்து எட்டிப் பாத்துட்டு, வாசலை அடைச்சுக் கோலம் போட்டிருக்காங்க, உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."