ஓர் அங்குலப் பெட்டி

“அப்ப நான் தாலி கட்டாமல் பிள்ளை பெத்தனானோ? அதைத்தானே இங்கிலிசிலை எழுதப் பாக்கிறியள், அண்ணை!”

இலட்சுமிப்பிள்ளையின் குரல் ஊர்காவற்றுறை இறங்குதுறை வரைக்கும் போனது. மீன் விற்க வந்த அல்போன்சம்மா கடகத்தை இறக்கி வேலியோரம் வைத்துவிட்டு நின்றாள். மீன் நாறினாலும் பரவாயில்லை. இதை விட்டுவிட்டுப் போக முடியுமா?

உள்ளே, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் தம்பிஐயா, ரைப்றைற்றருக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்.

மேசையில் இலட்சுமிப்பிள்ளையின் மகள் கமலாதேவியின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?’ என்ற கேள்விக்கு நேரே, அழகான தமிழில், ‘இல்லை’.

நாரந்தனை ஊரே மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் இலட்சுமிப்பிள்ளையின் பந்தலில் சாப்பிட்டது. பத்திரத்துக்கு அது தெரியவில்லை.

தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படித்தான் இருந்தது. ஒருவரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் கமலாதேவிக்குப் பேசியிருப்பது லண்டன் மாப்பிள்ளை. தூதரகத்துக்கு ஒரு பிரதி, மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு பிரதி. அந்தத் தாய் காரைநகர்க்காரி. சங்கக்கடையில் தருகிற பற்றுச்சீட்டுத் துண்டையே இரண்டு தரம் வாசிக்கிற மனிசி.

ஆங்கிலப் படிவத்தில் அந்தப் பெட்டி ஓர் அங்குலம்தான். சுருக்கித்தான் எழுதவேண்டும். ஊர் வழமைப்படி நடந்த கலியாணம் என்றால் ‘கஸ்ட்.’ குறிப்பிடப்படவில்லை என்றால் ‘என்.எஸ்.’ உள்ளபடி எழுதினால் ‘நோ’. அதற்குச் சுருக்கமே தேவையில்லை.

“‘என்.எஸ்.’ எண்டு போடுவம், பிள்ளை. ஒருத்தருக்கும் விளங்காது.”

“விளங்காட்டில் மாப்பிள்ளையின்ரை தாய் விசாரிப்பாள்! எங்கடை கலியாணம் பதிஞ்ச கலியாணம். பதிவுகாரர் வீட்டை வந்து எழுதினவர். நான் குனிஞ்சு கையெழுத்து வைச்சனான்.”

எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அல்போன்சம்மா வேலிக்கு வெளியே உதட்டைப் பிதுக்கினாள். பதிந்த கடதாசி எங்கே? கறையான் தின்றதாம். கையெழுத்து வைத்த புருஷன் ஆழ்வாப்பிள்ளை? தெற்கே காலிப் பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த மனிதர், கண்மூடி ஆறு வருடம். அரசாங்கக் கச்சேரியில் பழைய பதிவைத் தேடிப் பிரதி எடுக்க மூன்று மாதம் செல்லும். தூதரகம் வரச்சொன்னதோ வெள்ளிக்கிழமை.

தம்பிஐயாவுக்கு வியர்த்தது. தூதரகத்தில் தமிழ் வாசிக்கிற கிளாக்கர் ஒருவர் இருக்கிறாராம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். மாற்றி எழுதினால் முத்திரை பறிபோகும். பிறகு மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

“ஏலாது, பிள்ளை.” பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்ப கலியாணம் நிண்டாலும் பறவாயில்லை. நாளைக்கே கச்சேரிக்குப் போறன். பழைய புத்தகங்களை இறக்குவிக்கிறன். எந்தக் குருடன் ‘இல்லை’ எண்டு எழுதினவன் எண்டு நான் பாக்கத்தான் வேணும்!”

பழைய புத்தகங்கள் என்றதும், தள்ளிய பத்திரம் தம்பிஐயாவின் பக்கம் திரும்பி வந்தது.

தம்பிஐயா தாளைச் சுருட்டி ஏற்றினார். தட்டினார். ‘பதியப்பட்டது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்: நாலு எழுத்து, ஒரு புள்ளி. அதன் கீழே இலக்கங்கள். எல்லாம் அங்குலத்துக்குள் அடங்கின. முத்திரை இரண்டு தரம் வழுக்கி மூன்றாம் தரம் விழுந்தது.

இலட்சுமிப்பிள்ளைக்கு இங்கிலிஸ் தெரியாது, இலக்கம் தெரியும். விரலை வைத்து உரக்க வாசித்தாள். “இருபத்தொன்பது, எட்டு, நாப்பத்தொன்பது... ஓம், அண்டைக்குத்தான். நான் திகதி சொல்லேல்லையே, அண்ணை? உதென்ன முந்நூற்றுப் பதினேழு?”

“பதிவு இலக்கம். திகதி ஊருக்கே தெரியும்தானே,” என்றார் தம்பிஐயா, நிலத்தைப் பார்த்தபடி.

அவள் கண்ணைத் துடைத்து, அவரை வாழ்த்தி, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்சுக்கு ஓடினாள்.

அல்போன்சம்மா அசையவில்லை. கலியாணச் சோற்றை ஊர் சாப்பிட்டது, சரி. பதிவு இலக்கத்தையுமா ஊர் சாப்பிட்டது?

இரண்டு நாளில் விசாரித்து முடித்துவிட்டாள்.

நாற்பத்தொன்பது ஆடியில் தம்பிஐயா வீட்டிலிருந்து இலட்சுமிப்பிள்ளையைப் பெண் கேட்டுப் போனார்கள். பதிவுகாரரின் கிளாக்கனுக்குக் கொடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆவணியில் கண் மங்கிய பதிவுகாரருக்குப் பின்னால் புத்தகத்தைக் காவிக்கொண்டு அதே பந்தலுக்குப் போய், குனிந்த தலை நிமிராத பெண்ணுக்கு முன்னால் அவள் கலியாணத்தை எழுதியவர் தம்பிஐயா. இரண்டு வருடம் கழித்து ஆழ்வாப்பிள்ளை பிள்ளைப்பேறு பதிய வந்தார். காலிக்குப் போகிற அவசரம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், எழுதியதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அன்றைக்கும் பேனை தம்பிஐயாவின் கையில்தான்.

தூதரகத்துக் கிளாக்கர் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கமலாதேவி கார்த்திகையில் லண்டன் போய் அங்கேயே கலியாணம் முடித்தாள். தம்பிஐயா தை பிறக்கமுன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குத் தமக்கையோடு போய்விட்டார்.

அங்கே ஐம்பத்திரண்டு வயதில், சின்னாச்சி என்ற ஒரு விதவையைக் கலியாணம் முடித்தாராம். எழுதுகிற கிளாக்கருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பெட்டியையும் விரல் வைத்து வாசித்து, பிறகும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாராம்.