அழிக்காத கேள்வி

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில், லேப்டாப் திரையில் வெயில் விழாதபடி கீர்த்தனா துப்பட்டாவைப் பந்தலாய்ப் பிடித்திருக்கிறாள். திரையில் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி கவிநிலா எழுதும் முதல் செயலி. பேருந்து நேரம் சொல்ல வேண்டியது, தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்களைக் காட்டுகிறது. காலையில் கவிநிலா புரோகிராமர்களின் இணையக் குழுவில் உதவி கேட்டாள். "இதுகூடத் தெரியாம இங்க எதுக்கு வந்தீங்க?" என்று ஒரு மூத்த புரோகிராமர் எழுதியிருக்கிறார், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கவிநிலாவின் விரல் கேள்வியை அழிக்கப் போகிறது. "அழிக்காதடி, இன்னொருத்தர் ஏதோ எழுதுறாரு பாரு!" என்கிறாள் கீர்த்தனா. பதில் வந்து விழுகிறது: "நானும் முதல் வாரம் இதுலதான் மாட்டி அழுதேன். ஃபாண்ட் வரியை மட்டும் இப்படி மாத்திப் பாருங்க. சரியாகுற வரைக்கும் இங்கயே இருக்கேன்." கவிநிலாவின் வேர்த்த விரல்கள் படபடவென்று தட்டுகின்றன. கட்டங்கள் மறைந்து, 'கீழ்பென்னாத்தூர்' என்று பச்சை எழுத்தில் ஊர்ப்பெயர் பளிச்சிடுகிறது. "வந்துடுச்சுடி!" என்று கீர்த்தனா கத்தும் கத்தலில் பூக்காரம்மாவும் கண்டக்டரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "வண்டி கெளம்புது, ஏறும்மா!" என்கிறார் கண்டக்டர். "நீங்க போங்கண்ணா, அடுத்ததுல வர்றோம்!" என்கிறாள் கவிநிலா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். குழுவில் புதிதாக யாரோ தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை கவிநிலாவுக்குத் தெரியும். வேறு யாரும் சிரிப்பதற்குள் எழுதிவிட வேண்டுமென்று அவசர அவசரமாகத் தட்டத் தொடங்குகிறாள்.