சிரிக்கிற படம்

இருட்டிய பிறகு பிணவறையின் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

வாட்ச்மேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டாக்டரம்மா, அந்த வழியா வர்றவங்க யாரும் இதுவரைக்கும் தட்டினதில்லையே!"

"அப்ப உயிரோட இருக்கறவங்கதான். போய்த் திறங்க" என்றார் பல் டாக்டர்.

மேஜைமேல் ஒரு கல்யாண ஆல்பம். ஆற்றில் ஒதுங்கிய பெண்ணுக்கு முகமே மிஞ்சவில்லை, பற்கள்தான் மிச்சம். 'என் பொண்டாட்டிதான், கொடுத்துடுங்க' என்று ஒருவன் மத்தியானத்திலிருந்து முன்வாசலில் அழுதுகொண்டிருக்கிறான். பல் தெரியும் படம் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் ஆல்பம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

"சிரிச்ச மாதிரி ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டதற்கு, "ரொம்ப அடக்கமானவ டாக்டர்" என்று விசும்பினான். பாவமாக இருந்தது.

மாஸ்க் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். "அவளோட ஃப்ரெண்டு நான். சிரிக்கிற படம் வேணும்னு, அவ வேலை பார்த்த எங்க தையல் யூனிட்ல கேட்டீங்களாமே?"

செல்போனை நீட்டினாள். வாய்விட்டுச் சிரிக்கும் முகம். முன்பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, ஓரத்தில் ஒரு தெத்துப்பல்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, ஆற்றில் கிடைத்தவளின் பல்வரிசைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இங்கே இடைவெளியும் இல்லை, தெத்துப்பல்லும் இல்லை. கோர்த்துவைத்த மாதிரி நேர்வரிசை.

"இது அவ இல்லம்மா. ஆமா, இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"நேத்து..."

"அவதான் நாலு மாசமா காணோமே?"

அவள் மெல்ல மாஸ்க்கை இறக்கினாள். அதே இடைவெளி, அதே தெத்துப்பல். மோவாயில் மட்டும் ஒரு நீளத் தையல் தழும்பு.

டாக்டருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. "பேசாம இருந்திருந்தா, நீ செத்துட்டேன்னு நெனச்சு விட்டிருப்பானே! இனிமே உன்னைத் தேட மாட்டானா?"

"தேடுவான். நானும் வாயை மூடிட்டு இருந்துடலாம்னுதான் பார்த்தேன். ஆனா, உள்ள இருக்கற பொண்ணை அவங்க அம்மா தேடிட்டு இருப்பாங்கல்ல டாக்டர்? என் பேரைச் சொல்லி எரிச்சுட்டா, அந்தம்மா எங்க போய்த் தேடுவாங்க?"

நடையில் செருப்புச் சத்தம். "டாக்டர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" அவன் குரல்.

டாக்டர் விருட்டென்று எழுந்துபோய், அறைக்கதவை உள்பக்கம் தாழ்போட்டார்.