திருட்டுத் தீனி

"பொய் சொல்றா டாக்டரம்மா. திருட்டுத்தனமா எதையோ தின்னுகினு இருக்கா!"

வேலூரில் டாக்டர் சசிகலாவின் அறையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, பெற்ற மகள் மேலேயே புகார் வைத்தேன்.

ஹேமலதாவுக்கு வயது பதினைந்து. பன்னிரண்டிலேயே சர்க்கரை வந்து, தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள்.

எங்கள் ஆரணியில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் அங்கே ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றினாலே சேதி நமக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். நாளைக்கு நாலு பேர் பெண் கேட்டு வர வேண்டாமா? அதனால் மூன்று வருடமாக வேலூர்தான். 'புடவை டெலிவரி' என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு காலிப் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். அவ்வளவு மூளை எனக்கு!

"முன்ன நாப்பது யூனிட் போதும். இப்ப அறுபது போட்டாலும் சக்கரை அடங்க மாட்டேங்குது. வாயக் கட்டுனாத்தானே? ஒரே பேஜாரா போச்சுங்க."

"தின்னதைப் பாத்தீங்களா?"

எங்கே பார்த்தேன்? அவள் ஸ்கூல் பையைத் துழாவினேன், அலமாரியை மோப்பம் பிடித்தேன். ஒரு மிட்டாய்க் காகிதம்கூடச் சிக்கவில்லை. சிக்காததே பெரிய ஆதாரமாகத் தோன்றியது எனக்கு.

"வளர்ற வயசுல இன்சுலின் கொஞ்சம் மந்தமாத்தான் வேலை செய்யும். அது அவ தப்பில்லைங்க" என்ற டாக்டர், ஹேமாவிடம் திரும்பினார். "எடையும் ஏழு கிலோ ஏறியிருக்கே. விளையாடறதில்லையாம்மா?"

"கோ-கோ டீம்ல இருந்தேன் மேடம். அப்பா நிறுத்திட்டாரு."

"ஏங்க?"

"கிரவுண்டுல மயங்கி விழுந்துட்டா ஊருக்கே தெரிஞ்சிடும் இல்லீங்களா..." என்று இழுத்தேன்.

"ஓடியாடாம எடை ஏறுனா, போடற இன்சுலினை உடம்பு மதிக்காதுங்க. இப்படியே விட்டா கண்ணு, கிட்னி வரைக்கும் போயிடும்."

வீட்டில் என் பேச்சை யாரும் மதிப்பதில்லை என்பது தெரியும். இன்சுலினுக்கும் அதே கதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க கட்டி கட்டியா இருக்கே. ஒரே எடத்துலயே ஏன் குத்திக்கிற?"

"பாத்ரூம்ல நின்னுகினு ஜல்தியா போட்டுக்கணும் மேடம். எடம் மாத்திப் போட டைம் இருக்காது."

"கட்டியில போட்டா மருந்து சரியா ஏறாதும்மா."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"அதெல்லாம் சரிதாங்க. திருட்டுத் தீனிக்கு என்ன வழி?"

டாக்டர், ஹேமா தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைத்த நோட்டைப் புரட்டினார்.

"ஜூலை பாதியில இருந்து ஒரு மாசம் நல்லா இருக்கு. டிசம்பர் பாதியில இருந்து ஒரு மாசம் நல்லா இருக்கு. மத்தபடி தாறுமாறு. ஏன் அப்படி?"

ஆடியும் மார்கழியும். வீட்டு முன்கட்டிலேயே பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? கல்யாணம் இல்லாத மாதங்கள். கடையில் நான் ஈ ஓட்டுகிற மாதங்கள்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "உண்மையச் சொல்லும்மா. யாருக்கும் தெரியாம ஏதாவது சாப்பிடறியா?"

ஹேமா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இல்ல மேடம். எல்லார் எதிர்லயுந்தான் சாப்பிடறேன். முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க, கடைக்காரர் வீட்டுப் பொண்ணுன்னு எனக்கும் லட்டு குடுப்பாங்க. வேணாம்னா, ஏன்னு கேப்பாங்களாம். 'வாங்கித் தின்னுடும்மா'ன்னு அப்பாதான் சொல்லுவாரு. யாருக்கும் தெரியாம நான் பண்றது, ஊசி போட்டுக்கறது மட்டுந்தான்."