மகள் எழுதிய வீரக்கதை

"என் மக ஜெயிச்ச கடுதாசியை எனக்கே காட்ட மாட்டியா, வாத்தியாரே?"

சாதிர்பெக் விட்ட குத்தில் தாலாய் வாத்தியாரின் பல் தெறித்தது. எங்கள் நாரின் ஊர்த் தெருவே வேலியோரம் கூடிவிட்டது, நானும்தான்.

"கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, படிக்க வேணாம்."

"ஏன்யா? அவ அம்மாவை நான் கதறக் கதறக் கார்ல தூக்கிட்டு வந்து, மறிச்ச மச்சான் மண்டையை உடைச்ச வீரக்கதையாச்சே! வரிவரியா நான்தானே சொன்னேன்!"

தலைநகர் பிஷ்கெக் பள்ளியின் உதவித்தொகைத் தாளைப் பிடுங்கி, வாத்தியார் முதுகிலேயே வைத்துச் சம்மதக் கையெழுத்துப் போட்டான். "இப்பத் தெருவுக்கே கேக்கப் படி!"

வாத்தியார் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் படித்தார். "'நான் அறிந்த குற்றவாளி' கட்டுரைப் போட்டி. முதல் பரிசு, பெகிமாய்."

மறுநாளே பெகிமாய் பிஷ்கெக் போனாள், அம்மாவோடு. சாதிர்பெக் இப்போது தனக்கு முறையாகப் பெண் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறான்.